ஆறுகள் பிரியும் மேட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது எப்படி? பலன கோட்டைப் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் 31 பேரைப் பலன கோட்டை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தோம். போய் வந்தது ஒரே நாள். அந்த ஒரு நாளுக்காக அலைந்தது நாலு மாதம். கடிதம் இரண்டு தடவை திரும்பி வந்தது, குறித்த தேதி ஒன்று மழையில் போனது, பேசி வைத்த பஸ் கடைசி வாரத்தில் கைவிட்டது. இதையெல்லாம் முன்கூட்டி யாராவது சொல்லியிருந்தால் இரண்டு மாதத்தில் முடித்திருக்கலாம். முதல் தடவை பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். குடும்பமாகப் போகிறவர்கள் மூன்றாவது படியை விட்டுவிட்டு மற்றதைப் படிக்கலாம்.

1. எதைப் பார்க்கப் போகிறோம் என்று முதலில் வரைபடத்தில் பாருங்கள்

பலன என்றால் சிங்களத்தில் 'பார்க்கிற' என்று பொருள். மேற்குச் சமவெளியிலிருந்து கண்டிக்கு ஏறி வருகிறவர்களைக் கவனித்து நிறுத்துவதற்காகக் கணவாய்க்கு மேலே இருந்த எல்லைக் கோட்டை அது. இன்றைக்கு அங்கே பெரிய மதிலோ கொத்தளமோ எதிர்பார்க்காதீர்கள். அத்திவாரக் கற்களும் மண்மேடும்தான் மிச்சம். கோட்டையைக் காட்டப் போகிறோம் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போனால் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் சலித்துவிடுவார்கள். காட்ட வேண்டியது அது நிற்கிற இடத்தை.

கோட்டை நிற்கிற கடுகண்ணாவை மேட்டு வரிசை ஒரு நீர்பிரிமேடு, அதாவது மழைநீர் இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடும் மேடு. அதன் கிழக்கே பிலிமத்தலாவைப் பக்கம் விழும் மழை பேராதனைப் பக்கமாக மகாவலியில் சேர்ந்து, வடக்கே சுற்றிப்போய்த் திருகோணமலையில் கொட்டியாரக்குடாவில் கடலைத் தொடுகிறது. மேற்கே விழும் மழை ஹிங்குல ஓயா போன்ற சின்ன ஆறுகளாய்ச் சரிந்து மகா ஓயாவில் கலந்து, மாவனெல்லை, பின்னவலை வழியாக நீர்கொழும்புக்கு வடக்கே கடலுக்குப் போகிறது. மகாவலி 335 கிலோமீற்றர், மகா ஓயா ஏறக்குறைய 134 கிலோமீற்றர். ஒரே மேட்டில் விழுந்த மழை இரண்டு கடற்கரைகளுக்குப் போகிறது.

நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நல்ல வசதி உண்டு. நோர்வூட், டிக்கோயாப் பிள்ளைகளின் தண்ணீர் காசல்ரீ நீர்த்தேக்கம், கெஹெல்கமு ஓயா வழியாகக் களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகிறது. தலவாக்கலைப் பிள்ளையின் தண்ணீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. அதனால் நீர்பிரிமேடு என்பது நம் பிள்ளைகள் தினமும் பஸ்ஸில் கடக்கிற ஒன்றுதான். பெயர்தான் தெரியாது. பயணத்துக்கு இரண்டு வாரம் முந்தி நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் கண்டித் தாளை விரித்து, நீல நிறத்தில் மகாவலிக்குப் போகும் ஓடைகளையும் பச்சை நிறத்தில் மகா ஓயாவுக்குப் போகும் ஓடைகளையும் வரையச் சொல்லுங்கள். இரண்டு நிறமும் தொடாமல் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மிஞ்சும். அந்தக் கோட்டைத்தான் பார்க்கப் போகிறோம்.

வரைபடம் கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள திணைக்களத் தலைமையகத்தில் விற்பனைக்கு உண்டு. அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது சொல்லி வாங்குங்கள். போட்டோப் பிரதி எடுத்தால் நிறம் போய்விடும், ஓடைக்கும் பாதைக்கும் வித்தியாசம் தெரியாது. நான் முதலில் அந்தத் தவறைத்தான் செய்தேன். பிள்ளைகள் பாதிப்பேர் வீதியை ஆறு என்று வரைந்துவிட்டார்கள்.

2. மாதத்தைப் பிடியுங்கள், பிறகு தேதியை

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்தச் சரிவில்தான் நேராக மோதுகிறது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடியும் மின்னலும். அந்த மாதங்களில் ஏற வேண்டாம். 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததும், 2025 நவம்பரில் மண்சரிவால் கடுகண்ணாவையில் கொழும்பு–கண்டி வீதி மூடப்பட்டதும் இந்த மழைகளில்தான்.

நல்ல காலம் தை பிறந்ததிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. அதிலும் பெப்ரவரிதான் என் தெரிவு. காலையில் வானம் தெளிவாக இருக்கும். மேட்டிலிருந்து அலகல்ல மலையும், மேசையைப் போல தட்டையாக நிற்கும் பத்தலேகலவும் தெரியும். ஆனால் பெப்ரவரியில் பாடசாலை இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி வரும், தவணைப் பரீட்சைக்கும் ஆயத்தம் நடக்கும். அதிபரிடம் நவம்பரிலேயே பேசித் தேதியைப் பாடசாலை நாட்காட்டியில் எழுத வையுங்கள். ஒன்று போதாது. இரண்டு வாரம் தள்ளி ஒரு மாற்றுத் தேதியையும் அதே கடிதத்தில் கேளுங்கள். மழையால் முதல் தேதி போனபோது மறுபடி எல்லாக் கையெழுத்தும் வாங்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. மாற்றுத் தேதி முன்னமே கடிதத்தில் இருந்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்திருக்கும்.

போயா (பௌர்ணமி விடுமுறை) நாளும் நீண்ட வார இறுதியும் வேண்டாம். கண்டி வீதி நெரிசலில் இரண்டு மணி நேரம் போய்விடும்.

3. கடிதங்கள்: இதில்தான் ஆட்கள் சோர்ந்து போகிறார்கள்

குறைந்தது எட்டு வாரத்துக்கு முன் தொடங்குங்கள். அதிபரின் சிபாரிசோடு வலயக் கல்விப் பணிப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். வாயால் 'சரி, போய் வாங்க' என்று சொன்னதை நம்பிப் பணம் சேர்க்கத் தொடங்காதீர்கள். என் கடிதம் முதல் தடவை திரும்பியது, போகும் பாதையை ஊர் ஊராக எழுதாததால். இரண்டாம் தடவை, நாங்கள் போகும் அன்று எங்கள் வகுப்புகளை யார் பார்ப்பார்கள் என்று எழுதாததால். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். எழுதத் தெரியாமல் போனது என் பக்கத்துக் குறை. ஆகவே கடிதத்தோடு இவற்றையும் இணையுங்கள்:

- புறப்படும் நேரம், நிற்கும் இடங்கள், திரும்பும் நேரம், பாதை எல்லாம் கொண்ட ஒரு பக்க அட்டவணை.
- பாடத்திட்டத்தில் எந்த அலகுக்காகப் போகிறோம் என்று இரண்டு வரி.
- பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் நேரே பகலில் எடுக்கக்கூடிய தொலைபேசி எண். அம்மா மலையில் கொழுந்து பறிக்கிற நேரம் வீட்டு எண்ணை யாரும் எடுக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு எண்ணையாவது வாங்குங்கள்.
- கூட வரும் ஆசிரியர்களின் பெயரும் அடையாள அட்டை எண்ணும். பெண்பிள்ளைகள் இருந்தால் ஆசிரியை ஒருவராவது கட்டாயம்.
- அன்றைக்கு வகுப்புகளைப் பொறுப்பேற்கும் ஆசிரியர்கள் யார் என்பது.
- பெற்றோர் சம்மதக் கடிதங்கள். அம்மாவோ அப்பாவோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலையில் இருந்தால் பாட்டி கையெழுத்துப் போடுவார். அப்படியானால் அவர் என்ன உறவு என்பதையும் எழுத வையுங்கள்.

சம்மதக் கடிதத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள்: வலிப்பு, இழுப்பு (ஆஸ்துமா), குளவிக் கொட்டுக்கு ஒவ்வாமை உண்டா? நம் பிள்ளைகளின் வீடுகளில் குளவியைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. ஒரு தாய் அந்த இடத்தில், 'ஒரு தடவை கொட்டி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தது' என்று எழுதி அனுப்பினார். அந்தப் பிள்ளையை நடுவில் விட்டு நடந்தோம்.

இன்னொரு கடிதத்தை யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் எழுதிக்கொண்டு போங்கள். நாங்கள் இன்ன பாடசாலை, இன்ன நாளில் இத்தனை பிள்ளைகளோடு ஆறும் மேடும் பார்க்க வருகிறோம் என்று சிங்களத்தில் ஒரு பக்கம், அதிபரின் முத்திரையோடு. அந்தப் பிரிவின் கிராம சேவகருக்கு ஒரு பிரதியை முன்கூட்டியே அனுப்பினோம். மற்றொன்றைக் கையில் வைத்திருந்தோம். முப்பது பேர் தமிழில் பேசிக்கொண்டு கிராமத்துப் பாதையில் ஏறும்போது யார், ஏன் என்று ஊரார் கேட்பது இயல்பு. கடிதத்தைப் படித்த ஒரு பெரியவர் தன் வீட்டுக் கிணற்றடியில் பிள்ளைகளைத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளச் சொன்னார், மேலே போகும் குறுக்குப் பாதையையும் காட்டினார். வழி கேட்கும்போது 'பலன கொட்டுவ' என்று கேளுங்கள்.

கோட்டை நிலத்தில் கல்லையோ செங்கல் துண்டையோ எடுப்பதும் தோண்டுவதும் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம். பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே சொல்லிவிடுங்கள். ட்ரோன் பறக்கவிட ஆசைப்பட்டால் அதற்கான அனுமதி வேறு, வேலையும் வேறு. முதல் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள்.

4. பஸ்ஸா, ரயிலா?

எல்லோருக்கும் ரயில் ஆசைதான். ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்துக்குள் ரயில் பாதை 400 மீற்றருக்கு மேல் ஏறுகிறது. கடிகமுவ, கங்கொட, இஹலகோட்டே, பலன என்று சின்னச் சின்ன நிலையங்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. மகா ஓயாவின் படுகை முழுவதையும் ஜன்னலிலிருந்தே காட்டலாம். ஆனால் மலையகத்திலிருந்து ஒரே நாளில் ரயிலில் போய், ஏறி, திரும்புவது பிள்ளைகளோடு நடக்காது. கடுகதி ரயில்கள் பலனவில் நிற்பதில்லை. மெதுவான ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். 2025 நவம்பர் டித்வா புயலில் மலையக ரயில் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தது. ஆகவே எந்தப் பகுதியில் எந்த ரயில் ஓடுகிறது என்று உங்கள் நிலைய அதிபரிடமோ 1919 என்ற அரச தகவல் நிலைய எண்ணிலோ கேட்டுவிட்டுத்தான் திட்டம் போடுங்கள். கண்டியிலோ ரம்புக்கனையிலோ இருப்பவர்களுக்கு ரயில்தான் நல்லது.

எங்களுக்கு பஸ்தான் சரிவந்தது. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை வழியாகக் கடுகண்ணாவைக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். காலை 5 மணிக்குப் புறப்பட்டால் 8 மணிக்கு அங்கே.

முதலில் தனியார் பஸ் ஒன்றை வாய்ப்பேச்சில் ஒழுங்கு செய்து ஏமாந்தோம். கடைசி வாரம் கலியாணப் பயணம் கிடைத்ததும் போய்விட்டார்கள். பிறகு இலங்கைப் போக்குவரத்துச் சபை டிப்போவில் விசேட பயணத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, முற்பணம் கட்டி, ரசீதோடு எடுத்தோம். தனியார் பஸ் என்றால் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, தகுதிச் சான்றிதழ் மூன்றையும் கண்ணால் பாருங்கள், பிரதி எடுத்துக் கோப்பில் வையுங்கள். தன் வழக்கமான பாதையை விட்டு வரும் பஸ்ஸுக்குத் தற்காலிக அனுமதி வேண்டும். கடுகண்ணாவை மத்திய மாகாணம். கீழே மாவனெல்லைக்கோ ரம்புக்கனைக்கோ இறங்கினால் சப்ரகமுவ மாகாணம். மாகாண எல்லை தாண்டுவதை முதலிலேயே சொல்லாவிட்டால் வழியில் பொலிஸ் நிறுத்தும்போது பிள்ளைகள் வெயிலில் காத்திருப்பார்கள்.

பெரிய பஸ்ஸைக் கிராமப் பாதையில் மேலே ஏற்றச் சொல்லாதீர்கள். திருப்ப இடமில்லை. பஸ்ஸைக் கடுகண்ணாவையில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து இரண்டு வேன்களில் மாறி மாறிக் கொண்டுபோய் இறக்கினோம். வேன்காரரிடம் போக, வர, காத்திருக்க என்று மூன்றையும் சேர்த்து ஒரே விலையாகப் பேசுங்கள்.

5. பணம்

செலவில் முக்கால் பங்கு பஸ்ஸும் வேனும்தான். மலைக்கு நுழைவுச்சீட்டுச் செலவு எங்களுக்கு வரவில்லை. மிச்சம் சாப்பாடு, முதலுதவிப் பெட்டி, வரைபடம், எதிர்பாராத செலவுக்கு ஒரு தொகை. பஸ்ஸுக்குக் கிலோமீற்றர் கணக்கில் வாங்குவதால் ஆட்கள் குறையக் குறைய ஆளுக்கான தொகை ஏறும். கடைசி நேரத்தில் ஐந்து பேர் விலகினால் மற்றவர்கள் தலையில் விழும். இதைத் தவிர்க்கப் பணத்தை மூன்று தவணையாக, மாதச் சம்பளம் கைக்கு வந்த கையோடு வாங்கினோம். பத்தாம் தேதி தாண்டி மூன்று நாளுக்குள் கேட்டால் வீட்டில் காசு இருக்கும். இருபதாம் தேதி கேட்டால் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். அப்படி நிற்க வைக்காதீர்கள். கட்ட முடியாதவர்கள் ஐந்து பேருக்குப் பழைய மாணவர்களிடம் கேட்டோம். யாருக்கு உதவி கிடைத்தது என்பது அதிபருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

சாப்பாட்டைக் கடையில் வாங்க வேண்டாம். ரொட்டியும் சம்பலும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரட்டும், வாழை இலையில். பகல் சோற்றை மட்டும் வரும் வழியில் கம்பளையில் சொல்லி வைத்தோம்.

6. முந்தின நாள்

தோட்ட ஒபீசில் மழைமானி இருக்கும், நம் மழை எவ்வளவு என்று அங்கே தெரியும். ஆனால் கடுகண்ணாவை மழை வேறு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது: மஞ்சள், அம்பர், சிவப்பு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் மஞ்சள் நிலை தொடங்குகிறது. கடுகண்ணாவை இருக்கும் யட்டிநுவரவுக்கும், போகும் பாதையில் உள்ள பிரிவுகளுக்கும் பாருங்கள். மஞ்சள் என்றாலே நாங்கள் தள்ளிப்போட்டோம். பிள்ளைகள் அழுதார்கள், பெற்றோர் முணுமுணுத்தார்கள். அதற்கு அசைந்து கொடுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 எண்ணில் கேளுங்கள்.

7. மேட்டில்

காலணி இல்லாத பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பார்த்து ஒழுங்கு செய்யுங்கள். செருப்போடு ஏற வேண்டாம். மானாப்புல் ஆளுயரம் நிற்கும், கையைக் கீறும், முழுக்கைச் சட்டை நல்லது. வறண்ட மாதத்தில் அந்தப் புல் ஒரு தீக்குச்சிக்குக் காத்திருக்கும், ஆகவே பஸ் சாரதி உட்பட யாரும் மேலே புகைக்கக் கூடாது. அட்டை கடிக்காமலிருக்கச் சவர்க்காரத்தைக் காலுறையில் பூசிவிடுங்கள், உப்பைப் பொட்டலமாக வையுங்கள். பாறை விளிம்பில் குளவிக்கூடு தொங்கும். வாசனை எண்ணெயும் சத்தமும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏறி, நின்று பார்த்து, எழுதி, இறங்க அரைநாளை ஒதுக்குங்கள்.

மேலே போனதும் உடனே பேசத் தொடங்காதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா பார்க்க விடுங்கள். பிறகு வரைபடத்தை விரித்து, காணும் மலைகளுக்குப் பெயர் வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் மேட்டின் முதுகில் ஒரு வெறும் பாறையில் உட்கார்ந்திருந்தோம். நோர்வூட் பக்கத்துப் பையன் ஒருவன் போத்தல் தண்ணீரை மெல்ல, ஒரு நூல் போல, பாறையின் உச்சியில் ஊற்றினான். தண்ணீர் ஒரு கணம் உருண்டையாக நின்றது. பிறகு பாசி இருந்த பக்கம் ஒரு கோடும், வெடிப்பு இருந்த பக்கம் ஒரு கோடுமாகப் பிரிந்து ஓடியது. "டீச்சர், இது நீர்கொழும்புக்கு, அது திருகோணமலைக்கு" என்றான். வரைபடத்தில் வரைந்த வெள்ளைக் கோடு காலடியில் இருந்தது. கீழே ரயில் போகும் சத்தம் கேட்டது. மேற்கே யார் ஏறி வந்தாலும் இங்கிருந்து தெரியும் என்பதை அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டி இருக்கவில்லை.

ஓர் ஆள் முன்னால், ஓர் ஆள் பின்னால், ஒருவர் நடுவில். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணுங்கள். விளிம்பில் செல்பி எடுக்க விடாதீர்கள்.

8. ஆற்றில்

நேரம் இருந்தால் திரும்பும் வழியில் பேராதனைப் பாலத்தடியில் மகாவலியைப் பாருங்கள். மகா ஓயாவைப் பார்க்க வேண்டுமானால் மாவனெல்லைக்கு இறங்க வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் செய்ய முயல வேண்டாம்.

எந்த ஆற்றிலும் குளிக்க அனுமதிக்காதீர்கள். நம் பிள்ளைகள் ஓடையில் குளித்துப் பழகியவர்கள், அதனால் தைரியம் அதிகம். ஆனால் ஓடை வேறு, ஆறு வேறு. மகா ஓயாவில் மணல் அள்ளிய குழிகள் உண்டு. மேலே முழங்கால் அளவு தெரியும், அடுத்த அடியில் தலைக்கு மேல் போகும். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயிலிலேயே தண்ணீர் திடீரென்று ஏறும், நிறம் கலங்குவதுதான் முதல் அறிகுறி. காலில் புண் இருக்கிற பிள்ளை சேற்றிலும் வயலிலும் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் பயம் உண்டு. போய் வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் சேற்றில் நின்றதை டாக்டரிடம் சொல்லும்படி பெற்றோருக்கு எழுதி அனுப்புங்கள்.

9. திரும்பும் நேரம்

பின்னேரம் 3 மணிக்கு முன் கடுகண்ணாவையை விட்டுப் புறப்படுங்கள். ஆம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. இந்த இரண்டு எண்ணையும் ஒவ்வொரு பிள்ளையின் அப்பியாசக் கொப்பியிலும் எழுத வைத்தோம், ஆசிரியர்களின் எண்ணோடு.

ஒன்றை மட்டும் பஸ் பேசும்போதே சேர்த்துப் பேசுங்கள். இருட்டிய பிறகு பிள்ளைகளைச் சந்தியில் இறக்கிவிட்டுப் போகக்கூடாது. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) போகும் பாதையின் முனைவரை பஸ் போக வேண்டும், அங்கே வீட்டாள் ஒருவர் நிற்க வேண்டும், அவர் பெயரைப் பட்டியலில் கோடு போட்டு வெட்ட வேண்டும். எங்கள் சாரதி இதற்கு முதலில் சம்மதிக்கவில்லை. கூடுதல் கிலோமீற்றருக்கான காசை முற்பணத்தோடு சேர்த்துக் கட்டிய பிறகு சரி என்றார். கடைசிப் பெயரை வெட்டும்போது இரவு 7.40. அந்தப் பிள்ளையின் தாத்தா டோர்ச் லைட்டோடு பாதை முனையில் நின்றிருந்தார்.